திருகாத கழுத்து

உதயரூபனின் தாடையை உடைத்தவன், அந்த வீட்டுக் குசினியில் சோறு தின்று வளர்ந்தவன்.

சுனாமி நிதுர்ஷனின் தாயையும் தகப்பனையும் ஒரே காலையில் கொண்டுபோனது. ஈரச் சாறனோடு கடப்படி வாசலில் வந்து நின்ற பொடியனை உதயரூபன்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தான். உதயரூபனின் அக்கா பிரஷாந்திக்கும் அந்தக் கடல் புருஷனை விட்டுவைக்கவில்லை. குவைத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தவள் செய்தி கேட்டு ஓடிவந்தபோது, கட்டிப்பிடித்து அழ ஒரு பிரேதம்கூட இருக்கவில்லை. வந்தவள் தம்பிக்கும் அந்தப் பொடியனுக்கும் சேர்த்தே உலை வைத்தாள். பிறகு ஒரு நாள் ஆயுதக்காரர் வான் வண்டியில் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது அழுதான். திரும்பி வந்தபோது அவன் இடுப்பில் பிஸ்டல் இருந்தது. அழுகை இருக்கவில்லை.

உதயரூபன் ஓட்டோ ஓட்டுகிறவன். மூன்று மாதத்துக்கு முன்பு நிதுர்ஷன் அந்த ஓட்டோவில் வல்லிபுரம் வாத்தியாரை ஏற்றினான். மரமுந்திரிகைத் தோட்டத்தடியில் இறங்கி, "நீ போ ரூபண்ண" என்றான். திரும்பி வரும் வழியில் உதயரூபனுக்கு ஒரு வெடிச் சத்தம் கேட்டது. வாத்தியாரின் மனிசி காம்ப் காம்பாக ஏறி இறங்கி, "இருக்காரா இல்லையா எண்டு மட்டும் சொல்லுங்க" என்று கெஞ்சிக்கொண்டு திரிந்தாள். உதயரூபனால் பொறுக்க முடியவில்லை. எந்தத் தோட்டம் என்று அவளுக்குச் சொல்லிவிட்டான். அவள் ஆட்களோடு போய்க் கிண்டி எடுத்து, செத்தவீடு நடத்தினாள்.

யார் சொன்னது என்று கண்டுபிடிக்க ஆயுதக்காரருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. தங்கள் கட்டடத்துக்கு 'ஒபிஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே உதயரூபனைக் கதிரையில் கட்டினார்கள். "இந்த வாய்தானே" என்று கேட்டுவிட்டு, துவக்குப் பிடியால் அடித்தவன் நிதுர்ஷன். தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. முன்பற்கள் தொண்டைக்குள் போயின. ஆஸ்பத்திரியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை. அது எத்தனை நாளைக்கு என்பதுதான் ஒபிஸின் கவலை.

"ரூபன இண்டைக்குப் பின்னேரம் எடுக்கப் போறானுகள்" என்றார் அசனார். தோணியைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு நேரே குசினிக்குப் பின்புறம் வந்திருந்தார். காத்தான்குடி முஸ்லிம் மீன் வியாபாரி, அந்த வீட்டுக்கு 'காக்கா', அண்ணன் மாதிரி. சாறனில் மீன் செதில் ஒட்டியிருந்தது. "தேத்தண்ணிக் கடையில ஒபிஸ் பொடியன் ஒருத்தன் பறைஞ்சிக்கிட்டிருந்தான் புள்ள. நாளைக்கு ஆஸ்பத்திரியில கம்பி கழட்டுறாங்களாம். கம்பி கழட்டினா வாய் கதைக்கும், அதுக்கு முதல் எடுத்திரணும் எண்டு. நான் மீன் விலை கேக்கிற மாதிரி நிண்டு கேட்டன்."

பிரஷாந்தி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "எங்க கொண்டுபோறது காக்கா? றோட்டு முழுக்க அவனுகள்ர சென்றிக் காவல்."

"றோட்டால ஆரு போறது? ஆத்தால போவம். வலைக்குக் கீழ படுத்துக் கிடக்கட்டும். எங்கட கரையில என்ர மருமகன் றிஸ்லான் நிக்கிறான். புடவை லொறி பின்னேரம் கொழும்புக்கு வெளிக்கிடுது. லொறி வெளிக்கிட்ட உடன உனக்குப் போனில ரெண்டு மணி அடிச்சுட்டு வெச்சிருவன். நீ எடுக்காத. கேட்டா சரி."

"இப்பவே போங்க அப்ப."

"இப்ப ஆத்தில ஒரு தோணி இல்ல. தனியப் போனா ஆமிச் சென்றிக்காரன் மறிப்பான். மத்தியானம் திரும்ப எல்லாரும் வலைக்கு இறங்குவாங்க. கூட்டத்தோட கூட்டமாப் போயிரலாம்."

உள்ளே பாயில் படுத்திருந்த உதயரூபன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். எழுந்து வர முயன்றான். கதவு நிலையைப் பிடித்தபடி நின்றவன் கண் செருகி அப்படியே சரிந்தான். அசனார் பாய்ந்து பிடித்தார். பிடித்த கைக்கு விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது.

"யா அல்லாஹ். இவன் தோணி முன் அணியத்தில இருந்தா காத்துக் கொண்டுபோயிரும். என்ன குடுக்கிறாய் புள்ள இவனுக்கு?"

"கஞ்சித் தண்ணி. வேற என்ன இறங்கும்? பல்லுக் கட்டிக் கிடக்கு."

"கோழி ஒண்டு அடிச்சு சூப்பு வை. நேரம் கிடக்கு."

கோழியைப் பிடிப்பது லேசாக இருக்கவில்லை. கச்சான் காற்று வளவெல்லாம் புழுதியை வாரி அடித்தது. சாம்பல் நிறச் சேவல் வேலிக்கும் கிணற்றுக்கும் இடையில் அவளை ஓடவைத்தது. கடைசியில் செட்டையில் பிடித்தாள். அந்தப் பக்கத்து வீடுகளில் கோழியை யாரும் அறுப்பதில்லை. கழுத்தைத் திருகிவிடுவார்கள். இந்த வீட்டில் அது உதயரூபனின் வேலை. பிரஷாந்தி பிறந்த நாளிலிருந்து ஒரு கோழியைக் கொன்றதில்லை. திருகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதுதான் அவள் வழக்கம்.

சேவலை அசனாரிடம் நீட்டினாள். "நீங்க அறுங்க காக்கா."

"நான் என்னத்துக்கு? திருகிப் போடுறன். பொடியன் குடிக்கத்தானே."

"நீங்களும் குடிக்க வேணும், திருகினது உங்களுக்கு ஆகாதே. விடியக் காலத்தால தோணி வலிச்சு வந்திருக்கீங்க. இன்னும் வலிக்கக் கிடக்கு. இந்த வீட்டில ஒரு வாய் படாம என்ர தம்பியக் கூட்டிப்போக நான் விடமாட்டன். புதுச் சட்டி கிடக்கு, அதிலதான் காய்ச்சுவன்."

"உனக்கு இது நேரமா புள்ள?" என்றார். ஆனாலும் முகம் மலர்ந்துவிட்டது. கடல் வந்த நாளில் அவருடைய மனைவி நபீஸாவை, ஆறு என்று ஊரார் சொல்லும் வாவியின் கண்டல் புதரிலிருந்து உயிரோடு தூக்கி வந்தவன் உதயரூபன். அன்றிலிருந்து இந்த வளவில் அவருக்கு எதையும் மறுக்கத் தெரியாது. வாழையடியில் விரலால் ஒரு சின்னக் குழி தோண்டினார். மேற்கே பார்த்து உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, ஒரே இழுப்பில் அறுத்தார். குழிக்குள் இரத்தம் கொப்பளித்தது. உதறல் அடங்கியதும் மண்ணைத் தள்ளி மூடினார்.

அந்த உபசாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

தென்னோலை நெருப்பில் வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவி, எலும்பு நொறுங்க வெட்டினாள். புதுச் சட்டியில் தண்ணீர் ஊற்றி, தோலோடு தட்டிய உள்ளி, இஞ்சி, சின்ன வெங்காயம், மிளகு, மல்லி, நற்சீரகம் எல்லாவற்றையும் போட்டு விறகைத் தள்ளினாள். நுரை பொங்கப் பொங்க அகப்பையால் வழித்து எறிந்தாள். பிறகு பப்பாசிக்காய் ஒன்றைத் தோல் சீவி, நெடுக்காகப் பிளந்து, விதை தள்ளி, மெல்லிய தகடாகச் சீவி, தகடுகளை அடுக்கி நூலாக வெட்ட ஆரம்பித்தாள். ஒரு கரட்டும் கிடந்தது. அதையும் அப்படியே.

"என்ன புள்ள இது, இடியப்பமா?"

"நூடில்ஸ் காக்கா. குவைத்தில மெடம் உடம்பு மெலியிறதுக்கு இப்பிடித்தான் திண்ணுவா. மரக்கறிய நூல் மாதிரி வெட்டிப் போடுறது. மா நூடில்ஸ் ஆகாதாம்."

"காசிருக்கிற ஆக்கள் மெலியிறதுக்குத் திண்ணுறத, நாம எழும்பி நிக்கிறதுக்குத் திண்ணுறம்."

வெறும் சாறு மட்டும் தம்பிக்குப் போதாது என்பது அவளுக்குத் தெரியும். அவனுடைய வாயில் சாமான் உள்ளே போக ஒரே ஒரு வழிதான் இருந்தது. முன்பற்கள் போன இடத்து ஓட்டை. அந்த ஓட்டைக்கு அளவாக வெட்டினாள். பப்பாசி நூல் சூப்பில் வெந்து வழுவழுவென்று ஆனதும், கோப்பையை அவன் உதட்டில் வைத்தாள். முதலாவது நூல் ஓட்டையில் மாட்டியது. உறிஞ்சினான். வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்தது சிக்கலில்லாமல் போனது. பிறகு நிறுத்தவில்லை.

கம்பிக்குள்ளால் ஏதோ முனகினான்.

"என்ன?"

"இன்னும் தா" என்றான். பிறகு, "உப்புக் காணாது" என்றான்.

"வாய் உடைஞ்சாலும் உன்ர நாக்கு அடங்காது" என்றாள் பிரஷாந்தி. அசனார் கோப்பையோடு குலுங்கிச் சிரித்தார். உதயரூபனுக்கும் சிரிப்பு வந்தது. தாடையில் உயிர் போக வலித்தது. முகத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

மத்தியானம் திரும்பியதும் தோணிகள் ஒவ்வொன்றாக இறங்கின. உதயரூபன் குனிந்தபடி வேலியோரமாகப் போய் தோணிக்குள் படுத்தான். அவன் மேல் நனைந்த வலையைப் போட்டார் அசனார். அக்காவும் தம்பியும் விடைபெறவில்லை. கரையில் நின்று பார்த்தால் சந்தேகம் வரும் என்று அவள் குசினிக்குத் திரும்பி, வெறும் கோப்பைகளைக் கழுவினாள்.

அவர்கள் நினைத்ததைவிட முன்னதாகவே நிதுர்ஷன் வந்துவிட்டான். மோட்டார் சைக்கிளைக் கடப்புக்கு உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான். தனியாகத்தான் வந்திருந்தான். தாடை உடைந்த ஒருவனைத் தூக்க இரண்டாவது ஆள் தேவையில்லை என்று நினைத்திருப்பான்.

"ரூபண்ணன் எங்க அக்கா?"

"காயம் கழுவப் போனவன். ஆமிக் காம்படியில தாதியம்மா வீட்ட. பொழுதுபட முதல் வருவான்."

இதை அவள் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாள். ஆமிக் காம்பின் வாசலில் வைத்து ஒருவனைத் தூக்கினால் ஆமிக்காரன் கேள்வி கேட்பான். கேள்விக்குப் பதில் சொல்வது ஒபிஸுக்குப் பிடிக்காது. இவன் இங்கேயே காத்திருப்பான். காத்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் தோணி ஒரு துடுப்பு முன்னே போகும்.

"என்ன மணக்குது?"

"கோழி சூப்பு."

"ரூபண்ணனுக்கா?" வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பாயைக் காலால் தள்ளினான். பிறகு குசினிக்குப் பின்னால் போனான். அங்கே ஒரு நாய் சாம்பல் மேட்டிலிருந்து எதையோ இழுத்தது. அதைக் காலால் உதைத்து விரட்டிவிட்டுக் குனிந்தான்.

சேவலின் தலை.

அதைக் கொண்டையில் பிடித்துத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே வாழையடிக்குப் போய், புது மண்ணைச் செருப்பால் கிளறினான். கறுத்த இரத்தம் மேலே வந்தது.

"அக்கா" என்றான். குரல் உயரவில்லை. "ஆரு வந்தது?"

"ஒருத்தரும் வரல்ல."

அடி கன்னத்தில் விழுந்த பிறகுதான் அவன் கை ஓங்கியதே அவளுக்குத் தெரிந்தது. சுவரோடு போய் மோதினாள்.

"கழுத்துத் திருகல்ல. அறுத்திருக்கு. இரத்தத்த மண்ணுக்க மூடியிருக்கு. நம்மட ஆக்கள் ஆரு இப்பிடிச் செய்யுற? காத்தான்குடிப் பக்கத்துச் சோனகன் ஒருத்தன் இஞ்ச வந்து போயிருக்கான். ஆரு?"

தலையை அங்கேயே விட்டது தன் பிழை என்று அவளுக்கு விளங்கியது. கழுவிய கோப்பை, மூடிய குழி, எல்லாம் பார்த்தாள். இதைப் பார்க்கவில்லை. இனி ஒரு சொல் பிசகினால் ஆற்றின் நடுவில் வைத்துத் தம்பியை மறிப்பார்கள்.

"நான்தான் அறுத்தன்" என்றாள்.

"நீயா?"

"நாலு வருசம் ஆருட வீட்டில இருந்த நான்? குவைத்தில திருகின கோழிய மெடம் குசினிக்க விடுவாவா? பழகின கை. ரூபன் இல்லாத இடத்தில வேற எப்பிடிக் கொல்லுற?"

குவைத்தில் கோழி பெட்டியில், உறைந்துபோய், தலையில்லாமல் வரும். உயிருள்ள கோழியை அங்கே அவள் கண்டதே இல்லை.

 நிதுர்ஷன் கோழிக்கூட்டுப் பக்கம் போய், அடைக்கிருந்த பேட்டுக் கோழியைச் சிறகோடு அள்ளி வந்தான். கூட்டில் முட்டைகள் தனியாகக் கிடந்தன.

"அப்ப இத அறு. நான் பாக்கிறன்."

"அது அடைக்கிருக்கு, தம்பி."

"அறு."

பிஸ்டலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாழையடியில் குந்தினான். பிரஷாந்தி கத்தியை எடுத்தாள். விரலால் குழி தோண்டினாள். காலையில் அசனார் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தார், எந்தக் காலால் செட்டையை மிதித்தார் என்பதை மனதுக்குள் திரும்ப ஓட்டினாள். மேற்கே வாவி பளபளத்தது. அங்கே தோணிகள் புள்ளி புள்ளியாகக் கிடந்தன. எது எந்தத் தோணி என்று பார்க்கவில்லை.

"சொல்லு. அவங்கள் சொல்லுறதச் சொல்லு."

"பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்றாள். கத்தியை இழுத்தாள்.

தோலும் இறகும்தான் அறுபட்டன. பேடு ஒரு மனுஷி மாதிரிக் கத்தியது. செட்டை விடுபட்டு அவள் முகத்தில் அடித்தது. நழுவியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். முழங்காலால் அதை மண்ணோடு அழுத்தினாள். இரண்டாவது முறை இழுத்தபோது கத்தி எலும்பில் முட்டியது. இரத்தம் குழிக்குள் விழாமல் அவளுடைய நெஞ்சிலும் கழுத்திலும் பீறிட்டது. விடாமல் பிடித்தாள். கால்கள் மண்ணைக் கீறின. நின்றன.

"குவைத்தில இப்பிடித்தானா அறுக்கிற?" என்றான் நிதுர்ஷன்.

"அங்க கத்தி கூர். அங்க ஒருத்தரும் பிஸ்டல வெச்சுக்கொண்டு எனக்கு முன்னால குந்தியிருக்கல்ல."

அவன் சிரித்துவிட்டான். சின்ன வயதுச் சிரிப்பு. பிஸ்டல் திரும்ப இடுப்புக்குப் போனது. "சரி. சமை. ரூபண்ணன் வாறதுக்குள்ள நானும் ஒரு கோப்பை குடிக்கிறன். இந்த வீட்டுச் சாப்பாடு திண்டு எவ்வளவு காலம்."

"சட்டியில கிடக்கே, ஊத்தித் தாறன்" என்று அவள் சொல்லவில்லை. அடியில் இருந்த மிச்சத்தை அவன் பார்க்கும் முன் கழுநீர்ச் சட்டியில் கவிழ்த்துவிட்டு, "அது முடிஞ்சிது. இதக் காய்ச்சுறன்" என்றாள்.

வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக அவள் சமைத்ததில்லை. இறகை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஓலை நனைந்திருக்கிறது என்று காய்ந்த ஓலை தேடப் போனாள். வாட்டினாள், திருப்பி வாட்டினாள். கிணற்றுத் தண்ணீரை மூன்று தரம் மாற்றிக் கழுவினாள். மஞ்சள் இருக்க, புதிதாக மஞ்சள் இடித்தாள். மிளகை அம்மியில் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு கையால் பொத்திக்கொண்டு அரைத்தாள். இரத்தம் காய்ந்து அவளுடைய சட்டை மடமடத்தது.

"கிழட்டுப் பேடு. வேக நேரம் எடுக்கும்" என்றாள்.

"வேகட்டும்." குசினி வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். பழைய இடம். "நீ ரூபண்ணன ஏன் பறைய விட்டாய் அக்கா? நான் அடிக்காட்டி வேற ஒருத்தன் அடிச்சிருப்பான். அவன் அடிச்சிருந்தா உயிர் போயிருக்கும். நான் கணக்காத்தான் அடிச்சன்."

"உனக்கு நன்றி சொல்லச் சொல்லுறியா?"

"கதைக்காத. வெட்டு."

பப்பாசிக்காயை எடுத்தாள். தகடு சீவினாள். தகடுகளை அடுக்கி, நூலிலும் மெல்லிய நூலாக வெட்டினாள்.

"இப்பிடி மெல்லிசா என்னத்துக்கு?"

"ரூபன்ர பல்லுப் போன ஓட்டைக்கால போகிற அளவு. நீ செஞ்ச ஓட்டை. அளவு உனக்குத் தெரியும்தானே."

 வாவியைப் பார்த்தான், கைபேசியைப் பார்த்தான். இரண்டு தரம் எழுந்து கடப்புக்குப் போய் றோட்டைப் பார்த்துவிட்டு வந்தான். வெயில் சாய்ந்து தென்னை நிழல் முற்றத்தைக் கடந்துவிட்டது.

சூப்பை ஊற்றிக் கொடுத்தபோது இரண்டு கையாலும் கோப்பையை வாங்கினான். ஊதி ஊதிக் குடித்தான். பப்பாசி நூலை விரலால் தூக்கி வாயில் விட்டான். இரண்டாவது கோப்பை கேட்டான். பேட்டின் கால் எலும்பைக் கடித்து மஜ்ஜையை உறிஞ்சினான். அவன் உதட்டில் எண்ணெய் மினுங்கியது.

அப்போது சுவர்த் தட்டில் இருந்த பிரஷாந்தியின் போன் அடித்தது.

ஒரு மணி. இரண்டு மணி. நின்றது.

அவளுடைய முகத்தை அவளால் மறைக்க முடியவில்லை. மறைக்க நினைத்ததற்கு முன்பே முகம் தளர்ந்துவிட்டது. தம்பி லொறியில் ஏறிவிட்டான். நிதுர்ஷன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எலும்பை வைத்துவிட்டு எழுந்து போனை எடுத்தான். திரையில் அசனாரின் பெயர் இருந்தது.

கோப்பை அவள் நெற்றியில் வந்து உடைந்தது. தலைமயிரைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்தான். விலாவில் உதைத்தான். அவள் சுருண்டபோது முதுகில் உதைத்தான். அவள் கத்தவில்லை. கத்தாதது அவனை இன்னும் வெறிகொள்ள வைத்தது. பிஸ்டலை அவள் காதில் வைத்து அழுத்தினான்.

"எப்ப போனான்?"

"நீ வரமுதல்."

"இவ்வளவு நேரம் என்ன இருத்தி வெச்சு சூப்புக் குடுத்தாய்."

"ஓம்."

 அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெடி வரவில்லை. அவன் எழுந்து நின்று மூச்சு வாங்கினான். அவளைச் சுட்டுவிட்டுப் போய் ஒபிஸில் என்ன சொல்வது? உதயரூபன் எங்கே என்பார்கள். தப்பிவிட்டான் என்றால், நீ எங்கே இருந்தாய் என்பார்கள்.

"என்னச் சாகக் குடுத்திட்டாய் அக்கா" என்றான்.  "குசினி வாசல்ல இருந்து சூப்புக் குடிச்சன் எண்டு சொன்னா, நாளைக்கு முந்திரிகைத் தோட்டத்தில நான்."

சட்டென்று திரும்பி ஆற்றங்கரைக்கு நடந்தான். அங்கே நின்று தண்ணீருக்குள் சுட்டான். குண்டு தீரும்வரை சுட்டான். நீர்க்காகங்கள் கூட்டமாகக் கிளம்பின. வலையோடு திரும்பிக்கொண்டிருந்த தோணிக்காரர் அப்படியே குப்புறப் படுத்தார்கள். ஆமிச் சென்றியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒபிஸின் வெடிகளுக்கு அவர்கள் தலை திருப்புவதில்லை.

போனைக் காதில் வைத்தபடி திரும்பி வந்தான். "ஓம் அண்ண. ஆத்தால தப்பப் பாத்தான். தண்ணிக்குள்ளயே முடிச்சிட்டன். இல்ல, பிரேதம் தாழ்ந்து போயிட்டு. முதலை இழுத்திருக்கும். ஓம் அண்ண."

போனைப் பொக்கற்றில் போட்டுவிட்டு அவளுக்கு முன்னால் குந்தினான்.

"ரூபண்ணன் செத்திட்டான். நான் சுட்டன். விளங்குதா? அவன் எங்கயாச்சும் உயிரோட இருக்கான் எண்டு ஒரு கதை வந்தா, முதல்ல நீ. புறகு நான். அவன் ஒருநாளும் இஞ்ச கால் வைக்கக் கூடாது. போனில கூடக் கதைக்கக் கூடாது. அந்தியட்டி, முப்பத்தொண்டுச் சடங்கு எல்லாம் செய்ய வேணும். இப்ப அழு."

அவள் முற்றத்து மண்ணில் கையூன்றி எழும்பப் பார்த்தாள்.

"அழு அக்கா. ஊருக்குக் கேக்க வேணும்."

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. புருஷனுக்கு அழுதவள், தாய்க்கு அழுதவள், உயிரோடு இருக்கும் தம்பிக்கு எப்படி அழுவது என்று தெரியாமல் இருந்தாள். நிதுர்ஷன் உடைந்த விலாவில் ஓங்கி உதைத்தான்.

அந்த வலியில் கிளம்பிய சத்தம் வேலி தாண்டிப் போனது. அதைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சில் அடித்தாள். "என்ர ராசா, என்னத் தனிய விட்டிட்டியே" என்று இழுத்தாள். முதலில் ஓடி வந்தவள் அடுத்த வளவு ஆச்சிப்பிள்ளை. சட்டையில் இரத்தம், நெற்றியில் இரத்தம், ஆற்றங்கரையில் இப்போது கேட்ட வெடி. கேள்வி ஒன்றும் தேவையிருக்கவில்லை. கடப்படியில் நின்ற நிதுர்ஷனை விலத்திக்கொண்டு வந்து பிரஷாந்தியைக் கட்டிப்பிடித்தாள். பின்னால் பெண்கள் ஒவ்வொருவராக வந்து குந்தினார்கள். முற்றம் ஒப்பாரியால் நிறைந்தது.

நிதுர்ஷன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, இறைச்சிச் சட்டி இருக்கக்கூடாது. ஆச்சிப்பிள்ளை எழுந்து குசினிக்குள் போனாள். விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். சூப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேலியடியில் கவிழ்த்தாள். வெந்த பப்பாசி நூல் மண்ணில் குவிந்து ஆவி விட்டது. நாய் வந்தது. திரும்பி வந்தவள் பிரஷாந்தியின் நெற்றி இரத்தத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டே, செத்த வீடுகளில் எல்லோரும் கேட்பதைக் கேட்டாள்.

"கடைசியா என்னகா திண்டான் உன்ர தம்பி?"

அன்றைக்கு அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகளில், பொய் சொல்லத் தேவையில்லாத கேள்வி அது ஒன்றுதான்.

"கோழி சூப்பு மாமி. மரக்கறிய நூல் மாதிரி வெட்டிப் போட்டன். கம்பி கட்டின வாயால உறிஞ்சி உறிஞ்சிக் குடிச்சான். இன்னும் தா எண்டான். உப்புக் காணாது எண்டான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இனி இந்தக் குசினிக்கு அவன் வரமாட்டான். அவனுக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுக்க, உப்புக் காணாது என்று அவன் சொல்லக் கேட்க, இந்த வாழ்க்கையில் அவளுக்கு இடமில்லை. எங்கேயோ ஒரு ஊரில் அவன் தின்பான், குடிப்பான், கிழவன் ஆவான். இங்கே அவன் செத்தவன்.

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. ஒப்பாரியில் சொல் இல்லாமல் போனது. மற்றப் பெண்கள் தங்கள் குரலை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

ஆச்சிப்பிள்ளை அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அழு மகள்" என்றாள். "நல்லா அழு."